வெட்டக்கூடாத புல்

புதன்கிழமை, மாலை

அன்பு மகளுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் எழுந்து நடமாடும் அளவுக்குச் சுகமாகத்தான் இருக்கிறோம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாமல் நன்றாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். அப்பாவின் முழங்கால் வலி ஒரு மாதமாகக் குறைந்திருக்கிறது. அது குறைந்ததுதான் இப்போது வந்த வினைக்கு முதல் காரணம், மேலே படித்தால் புரியும். பசு சினையாக இருக்கிறது. சமையலறைக் குழாய் இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது, நாளை நாளை என்கிறார். தினமும்தான் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நீ கூப்பிட்டதும் அப்பா நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொள்கிறார். நீ அங்கே தும்மினால்கூட, என்னவாம், எதுக்குத் தும்முறா என்று என்னைக் கேட்கிறார். அவர் காதில் விழாமல் உனக்கு ஒன்று சொல்ல வேண்டுமென்றால் எனக்கு இந்தக் காகிதத்தை விட்டால் வழியில்லை.

நாளைக் காலை ஓடைக்கரையைப் பார்க்க ஆபீசிலிருந்து ஆள் வருகிறார்கள். மூன்று வருடம் முன்பு லீவில் வந்தபோது நீ உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினாயே, அந்தத் திட்டம்தான். ஓடையிலிருந்து நாற்பது அடிக்கு உழக் கூடாது, மருந்து அடிக்கக் கூடாது, மாடு மேய்க்கக் கூடாது, புல்லை அதன் போக்கில் விட வேண்டும், பத்து வருடம் அப்படி விட்டால் வருடா வருடம் அரசாங்கம் உதவித்தொகை தரும் என்று நீ வாசித்துச் சொன்னபோது அப்பா சிரித்தது உனக்கு நினைவிருக்கும். ஆனால் அந்தக் கரை இப்போது எப்படி ஆகியிருக்கிறது தெரியுமா? முன்பெல்லாம் பெரிய மழை வந்தால் ஓடை நம் நிலத்தைக் கடித்துக்கொண்டு போகும். மோட்டார் கொட்டகையே ஒரு வருடம் போனது. இந்த மூன்று வருடமாக ஒரு பிடி மண் போகவில்லை. கிணற்றுத் தண்ணீரில் கலங்கல் இல்லை. நீ உன் ஆய்வகத்துக்குக் கேட்டு நான் அனுப்பிய மண் டப்பாக்களைப் பார்த்து நீயே சந்தோஷப்பட்டாய். இது அப்பாவுக்கும் தெரியும். அவருக்குத் தாங்க முடியாதது ஊர் வாய்தான். மாவு மில்காரர் அவருக்குப் புல்லு முதலாளி என்று பெயர் வைத்துவிட்டார். மில்லுக்குள் நுழைந்தால், வாங்க முதலாளி, இந்த வருஷம் எத்தனை மூட்டை புல்லு அறுவடை, சும்மா இருக்குறதுக்குச் சம்பளம் வாங்குற ஒரே ஆளு நீங்கதான் என்று பத்துப் பேர் முன்னால் சொல்கிறார். அப்பாவும் சிரித்துவிட்டுத்தான் வருவார். ஆனால் வீட்டுக்கு வந்து அன்று முழுக்கப் பேச மாட்டார். நாற்பது வருடம் வரப்பில் ஒரு களை நிற்க விடாத மனிதர். இடுப்பளவு வளர்ந்த புல் அவர் நிலத்தில் நிற்பது, குளிக்காமல் தலை சீவாமல் அவரையே தெருவில் நிறுத்தியது போல இருக்கிறது அவருக்கு.

திங்கட்கிழமை விடிந்ததும் அரிவாளைத் தீட்டுகிற சத்தம் கேட்டது. மாட்டுக்குத் தீவனம் அறுக்கப் போகிறார் என்று நினைத்தேன். பத்து மணிக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால், அம்மாடி, கரை முழுக்க மொட்டை. மேல் மூலையிலிருந்து கீழ் மூலைவரை ஒட்ட அறுத்துக் கட்டுக் கட்டாக அடுக்கிவைத்திருக்கிறார். எல்லைக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு வேறு. விருந்தாளி வர்ற வீட்டைக் கூட்டாம விடுவாங்களா, ஆபீசருங்க பாத்துட்டு இந்த ஆளு எவ்வளவு சுத்தமா வச்சிருக்காருன்னு சொல்லணும் என்று அரிவாளோடு நின்று முகம் மலரச் சொல்கிறார். குஞ்சுகள் பறக்கும் பருவம் முடிகிறவரை புல்லில் கை வைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது, நீ அதன் கீழே கோடு போட்டுக் கொடுத்திருந்தாய். அதைச் சொன்னேன். அவர் முகத்திலிருந்த வெளிச்சம் அணைந்ததை நான் பார்த்தேன். இதை முன்னாடியே சொல்ல உனக்கு வாய் இல்லையா என்றார். நான் கஞ்சிப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கட்டுகளை அள்ளப் போனேன்.

எதிர்த்துப் பேசாததற்குக் காரணம் இருக்கிறது. அதை உனக்கு மட்டும் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக் கை கழுவும்போது, ஆபீசருங்க வர்றாங்க, அந்தக் கரையைப் பாக்கவே கூச்சமா இருக்கு, கொஞ்சம் சீர் பண்ணி வைங்களேன் என்று சொன்னது நான்தான். வேலிக் கதவையும் நடைபாதையையும் நினைத்துச் சொன்னேன் என்று இந்த மூன்று நாளாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பாதி உண்மை. புல்லு முதலாளி பெண்டாட்டி என்று எனக்கும் ஒரு பட்டம் இருக்கிறது, மகளே. அவரும் அந்தப் பேச்சை இதுவரை எடுக்கவில்லை. மறந்துவிட்டாரா, வைத்துக்கொண்டிருக்கிறாரா தெரியவில்லை.

கட்டுகளை அள்ளப் போனபோது நடுக்கரையில் ஒரு காடைக் கூட்டைப் பார்த்தேன். ஏழு முட்டை. மறைவெல்லாம் போய் வெயிலில் கிடந்தது. தாய்க் காடை பத்தடி தள்ளி, தைத்துக்கொண்டிருக்கும்போது ஊசியைத் தொலைத்தவள் மாதிரி குறுக்கும் நெடுக்கும் ஓடிக்கொண்டிருந்தது. வெட்டிய புல்லையே எடுத்துக் குடை போல மூடி ஒரு பக்கம் வாசல் விட்டுவிட்டு வந்தேன். வந்து அமருகிறதா என்று இன்னும் தெரியவில்லை.

இப்போது அப்பா ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். அக்கரை அண்ணனின் மாடுகள் ஓடையைத் தாண்டி வந்து மேய்ந்துவிட்டன என்று சொல்ல வேண்டுமாம். போன வருடம் ஒருமுறை வந்தது உண்மைதான். பிறர் மாடு மேய்ந்தால் நம்மேல் குற்றம் இல்லை என்றும் விசாரித்துவிட்டார். நம் வேலை என்றால் ஒப்பந்தமே போகலாம், மூன்று வருடம் வாங்கியதையும் திருப்பிக் கேட்பார்கள். நிலம் என் பெயரில், கையெழுத்தும் என்னுடையது, அதனால் நான்தான் சொல்ல வேண்டும். உன் மூஞ்சியைப் பாத்தா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க என்கிறார், அதை ஒரு பாராட்டு போல. நான் முடியாது என்றேன். அக்கரை அண்ணன் இந்த வருடம்தான் தன் கரைக்கும் மனுப் போட்டிருக்கிறார், நம்மைப் பார்த்துத்தான் போட்டார், மாட்டை அடுத்தவர் கரையில் விட்டார் என்று எழுதிவிட்டால் அவர் மனு அதோடு சரி. அதைச் சொன்னதற்கு, ஊரைப் பத்திக் கவலைப்படுறவ வீட்டைப் பத்தி எப்பப் படப் போற என்று கேட்டுவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போனார். ஜன்னல் வழியே பார்த்தேன். நம் பசுவின் சாணத்தை அள்ளிக்கொண்டு போய்க் கரையில் போடுகிறார், மாடு வந்ததற்குச் சாட்சி! அதையும் மூன்றடிக்கு ஒன்றாக, வரிசை பிசகாமல். பாத்தி கட்டிப் பழகிய கை. வேறு நாளாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன். இப்போது அடுப்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன், அவர் வாசலில் செருப்பு கழுவுகிற சத்தம் கேட்கிறது. நாளை நான் என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

சனிக்கிழமை

அன்றைக்கு அப்பா உள்ளே வந்ததால் காகிதத்தை மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்தேன். இன்றுதான் எடுக்க முடிந்தது. வியாழக்கிழமை நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

வந்தது ஒரே ஒரு பெண். உன் வயதுதான் இருக்கும். பைலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள், கல்லூரிக்கு முதல் நாள் போனபோது நீ பிடித்திருந்த மாதிரி. பேசுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் தொண்டையைச் செருமிக்கொள்கிறாள். தண்ணீர் கொடுத்தேன், குடித்துவிட்டு டம்ளரைத் தானே கழுவி வைத்தாள். கரைக்கு வந்ததும் டேப் பிடித்து அளந்தாள், குனிந்து ஒரு புல் தட்டையைப் பிடுங்கி நுனியைப் பார்த்தாள், பிறகு என் பக்கம் திரும்பி, இங்க புல்லு என்னாச்சும்மா என்று மெல்லக் கேட்டாள். அப்பா என் முகத்தைப் பார்க்கிறார். நான் தரையைப் பார்க்கிறேன். அந்த நேரம் பார்த்து அக்கரை அண்ணன் எதிர்க்கரைக்கு வந்து நின்றார். வெட்டிய கரையையும் சாணத்தையும் பார்த்தார். அவர் முகம் செத்துப்போனது. ஐயையோ தங்கச்சி, என் மாடுதானா, நேத்துக் கயித்தைச் சரியாக் கட்டலையோன்னு அப்பவே நினைச்சேன், மாப்ளே என்னை மன்னிச்சிரு, அம்மா நீங்க என் பேரையே எழுதிக்குங்க, இவங்க மேல தப்பில்ல என்று அங்கிருந்தே கைகூப்பிக் கத்துகிறார்.

நான் பொய் சொல்லவே வேண்டியதில்லை, மகளே. வாயை மூடிக்கொண்டு நின்றாலே போதும். அந்தப் பெண் பேனாவைத் திறந்துவிட்டாள். அப்பா மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ, அண்ணன் இன்னும் கைகூப்பியபடியே நின்றார், அந்தக் கையைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. அண்ணே, கையை இறக்குங்க, உங்க மாடு வரல என்று கத்தினேன். பிறகு அந்தப் பெண்ணிடம், அரிவாளால அறுத்ததும்மா, அழகு பண்ணச் சொன்னது நான் என்றேன். கூட்டையும் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் மண்டிபோட்டு எட்டிப் பார்த்துவிட்டு, நல்லா மூடியிருக்கீங்க, இனிமே கிட்ட வராதீங்க என்றாள். எழுந்து தொண்டையைச் செருமிக்கொண்டு, மாடு புல்லைக் கடிச்சு இழுக்கும்மா, இப்படிச் சீவாது, வந்ததுமே தெரிஞ்சுது, நீங்களாச் சொல்லட்டும்னுதான் கேட்டேன் என்றாள். கொஞ்சம் தயங்கி, அப்பாவைப் பார்க்காமல், சாணியும் இவ்வளவு வரிசையா எந்த மாடும் போடாதுங்க என்றாள். எதிர்க்கரையில் அண்ணன் சிரிப்பை அடக்க முடியாமல் முதுகைத் திருப்பிக்கொண்டார்.

இந்த வருடத் தொகையை நிறுத்திவைப்பார்களாம். நடந்ததை நாமே எழுதிப் பத்து நாளுக்குள் கொடுக்க வேண்டுமாம், ஒப்பந்தம் இருக்குமா போகுமா என்று அதைப் பார்த்து மேலே முடிவு செய்வார்கள். தன்னால் உறுதி சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தட்டை வைத்தால் சாப்பிட்டார், எடுத்தால் எழுந்தார். ஒப்பந்தம் போனால் ஓடைவரைக்கும் ஏர் ஓட்டிவிடுவார், அடுத்த பெருமழையில் மறுபடி கரை போகும், எனக்கு அதுதான் பெரிய கவலை. இன்று காலை அந்த விளக்கக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். ஆபீசுக்குப் போகிற காகிதமெல்லாம் நீதான் எழுதுவாய், இதையும் உன்னிடம் கேட்கலாமா என்று நினைத்து, வேண்டாம், நீ அழகாக எழுதிவிடுவாய் என்று நானே எழுதினேன். என் சொற்படி என் கணவர் புல்லை வெட்டினார் என்று முதல் வரி. அப்பா பின்னால் வந்து நின்றதே எனக்குத் தெரியாது. என்ன எழுதியிருக்கே, படி என்றார். படித்தேன். நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். பிறகு, சீர் பண்ணுன்னுதானே சொன்னே, வெட்டச் சொல்லலையே, அரிவாள் என் கையிலதான இருந்துச்சு, அதை அடிச்சுட்டு நான் வெட்டினேன்னு எழுது, கீழே நானும் கையெழுத்துப் போடுறேன் என்றார். அப்படியே எழுதினேன். சாணி விஷயத்தையும் எழுதவா என்று கேட்டேன். முறைத்துவிட்டு, எழுது, எழுதித் தொலை என்றார். இப்போது ஒப்பந்தத்தை எடுத்துவைத்து, முதல் பக்கத்துலேர்ந்து படிச்சுச் சொல்லு என்கிறார், அதனால் முடிக்கிறேன். காலையில் வேலி ஓரமாக நின்று பார்த்தேன், புல் குடையின் வாசலில் ஒரு பழுப்பு முதுகு தெரிந்தது. என் கண்ணை நான் முழுதும் நம்பவில்லை.

நீ நூறு வருடம் தலை நிமிர்ந்து வாழ வேண்டும். குளிர் நாளில் ஈரத் தலையோடு வேலைக்குப் போகாதே. முக்கியமாக ஒன்று: போனில் இதில் ஒரு வார்த்தையும் உனக்குத் தெரிந்ததாகக் காட்டாதே. அப்பாவே உன்னிடம் சொல்லட்டும். நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டால், இன்றைக்கு என்ன வேலை செய்தீர்கள் என்று மட்டும் அவரிடம் கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுத்திரு.

உன் வாழ்வையே எண்ணிக்கொண்டிருக்கும்
அம்மா