வெள்ளையில் அருவி நிற்காது

8 ஜூன் 2025

அன்புள்ள அனுசியாவுக்கு,

குற்றாலீஸ்வரன் எழுதுவது. இங்கே நான் நலம். அங்கே நீயும் உன் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுவான் என்று சிரிக்காதே. எங்கள் காவல் போஸ்ட் இருக்கும் மலையில் சிக்னல் என்ற பேச்சே கிடையாது. மாதத்தில் ஒருநாள் ராணுவப் போனில் பேச விடுவார்கள். அதையும் அம்மாவே பேசித் தீர்த்துவிடுகிறாள். போன தடவை முழுக்கக் கடையத்தில் எங்கள் எருமை கன்று போட்ட கதைதான். ரேஷன் வண்டி வரும்போது தபாலும் வரும், போகும். அதனால்தான் இந்தக் கடிதம்.

நிச்சயத்துக்கு எனக்கு லீவு கிடைக்காதது உனக்குத் தெரியும். உன்னை நேரில் பார்க்காமலே ஐப்பசியில் தாலி கட்டப் போகிறேன். அம்மா அனுப்பிய உன் போட்டோவைக் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறேன். பக்கத்துக் கட்டிலில் கௌரிசங்கர், நம்ம வாசுதேவநல்லூர்க்காரன். தினமும் அதைப் பார்த்துவிட்டு, "ஏலே, என்ன கலருலே! பால்ல குளிச்சி வந்த மாதிரில்லா இருக்கா. ஒம் மூஞ்சிக்கு இது ரொம்ப அதிகம்லே" என்பான். எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை.

விஷயத்துக்கு வருகிறேன். அவன் போனில் ஒரு படம் இருக்கிறது. ஒரு பெண் பக்கவாட்டில் பார்த்தபடி நிற்கிறாள், அவள் முகத்துக்குள்ளேயே ஒரு காடு. மரமும் கூந்தலும் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. டபுள் எக்ஸ்போஷர் என்றான். நீ தென்காசி ஸ்டுடியோவில் எடிட்டிங் வேலை பார்ப்பதாக அம்மா சொன்னாள். உன் முகத்துக்குள் நம்ம குற்றாலம் மெயினருவியை வைத்து அதே மாதிரி ஒன்று செய்து அனுப்புவாயா? இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறைதான். சாரல் தொடங்கிவிட்டதா என்றும் எழுது.

ஆசையுடன்,
குற்றாலீஸ்வரன்

மேலகரம்
24 ஜூன் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

இப்படி அழைக்கலாமா என்று தெரியாமல் முதலில் எழுதிய தாளைக் கிழித்துப் போட்டேன். பிடிக்காவிட்டால் சொல்லிவிடுங்கள்.

இங்கே சாரல் நன்றாக விழுகிறது. துவைத்த துணி காயவே மாட்டேன் என்கிறது. உங்கள் படத்துக்காக ஸ்டுடியோ கேமராவைத் தூக்கிக்கொண்டு காலையிலேயே மெயினருவிக்குப் போனேன். சீசன் கூட்டம், எண்ணெய் வாடை, போலீஸ் விசில், நடுவில் நான். லென்ஸெல்லாம் தண்ணீர். ஸ்டுடியோ நடத்தும் ஹுஸ்னா அக்காவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். "மாப்பிள்ளைக்கு அருவி காட்டப் போயி எங் கேமராவக் குளிப்பாட்டிட்டு வந்திருக்கியாட்டி?" என்றாள்.

பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். உங்கள் சுவரில் இருக்கும் அதே போட்டோவின்மேல் அருவியை வைத்தேன். நிற்கவில்லை. கூந்தலில் மட்டும் கொஞ்சம் பாறையும் தண்ணீரும் தெரிந்தது. முகம் சுண்ணாம்படித்த சுவராகவே இருந்தது. இந்த வேலையின் முறை அப்படி. கீழே வைக்கும் படத்தில் எங்கே இருட்டு இருக்கிறதோ அங்கேதான் மேலே வைக்கும் படம் தெரியும். வெளுப்பு எதையும் வாங்கிக்கொள்ளாது. வெள்ளை முகத்தில் வெள்ளைத் தண்ணீர் எப்படித் தெரியும்?

அத்தான், அந்த வெள்ளை என்னுடையது இல்லை. ஸ்டுடியோவுக்கு வருகிற எல்லா முகத்தையும் நாங்கள் வெளுப்பாக்கித்தான் கொடுக்கிறோம். யாரும் கேட்க வேண்டியதே இல்லை. வரனுக்குக் கொடுக்கும் போட்டோ என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதல். என் படத்தைத் திருத்தும்போது அம்மா ஹுஸ்னா அக்காவின் முதுகுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டு, "இன்னுங் கொஞ்சம்மா, இன்னுங் கொஞ்சம்" என்றாள். நான் கருப்பு. மாநிறம் என்று சொல்லிச் சமாளிக்கிற கருப்பு இல்லை, நல்ல கருப்பு. உங்கள் அம்மாவும் மதினியும் நேரில் பார்த்து, சம்மதித்து, பூ வைத்துவிட்டுத்தான் போனார்கள். உங்களிடமும் சொல்லியிருப்பார்கள் என்று இருந்துவிட்டேன். பாலில் குளித்த கதையைப் படித்ததும்தான் யாரும் சொல்லவில்லை என்று தெரிந்தது.

அதனால் மொட்டைமாடியில் வெள்ளை வேட்டியைக் கட்டி, அதன்முன் நின்று ஹுஸ்னா அக்காவைப் புதிதாக ஒரு படம் எடுக்கச் சொன்னேன். பவுடர் இல்லை, திருத்தமும் இல்லை. அதன்மேல் அருவியை வைத்தேன். நெற்றியிலிருந்து கழுத்துவரை இறங்கி நின்றுவிட்டது. ஹுஸ்னா அக்காவே டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்து வந்து பார்த்தாள். அந்தப் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அருவி விழாத இடத்தில், மூக்கிலும் உதட்டிலும் தோளிலும், என் நிறம் தெரியும். பார்த்துவிட்டு மனதில் பட்டதை எழுதுங்கள். பயந்துகொண்டுதான் இருக்கிறேன்.

அன்புடன்,
அனுசியா

9 ஜூலை 2025

அன்புள்ள அனுசியாவுக்கு,

அத்தான் என்றே கூப்பிடு. அந்த ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

படம் பிரமாதம். கூந்தல் எங்கே முடிகிறது, பாறை எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. காதுக்குப் பின்னால் விழுந்து தோளில் சிதறுகிறது பார், அந்த இடத்தைப் பார்த்தால் எனக்கே குளிர்கிறது. நீ கெட்டிக்காரி.

நிறத்தைப் பற்றி எழுதியிருந்தாய். பொய் சொல்ல மாட்டேன், கவரைப் பிரித்ததும் யாரோ என்றுதான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. நானும் கருப்பன்தான். எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இங்கே எல்லோரும் முதல் படத்தைப் பார்த்துவிட்டார்கள். அதை எடுத்துவிட்டு இதை ஒட்டினால், கௌரிசங்கர் ஒருத்தன் போதும், நான் ரிட்டயர் ஆகும்வரை ஓட்டியே கொன்றுவிடுவான். அதனால் சுவரில் அதுவே இருக்கட்டும். உன் புதுப் படத்தைப் பெட்டியில், துணிக்கு அடியில், பத்திரமாக வைத்திருக்கிறேன். யாரும் இல்லாதபோது எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன். கல்யாண பிளெக்ஸுக்கும் அந்தப் பழைய போட்டோவையே கொடுத்துவிடு. ஊர் வாய்க்கு நாம் ஏன் வேலை கொடுக்க வேண்டும்? நமக்குள் தெரிந்தால் போதாதா? தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாய்தானே?

அன்புடன்,
உன் அத்தான்

மேலகரம்
20 ஜூலை 2025

அன்புள்ள அத்தானுக்கு,

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

சுவரில் ஒருத்தி, பெட்டியில் ஒருத்தி. சுவரில் இருப்பவளை ஊரே பார்க்கலாம். பெட்டியில் இருப்பவளை ஆள் இல்லாத நேரம் பார்த்து எடுத்துப் பார்ப்பீர்கள். அவள் என்ன களவாண்டு வந்த பொருளா?

ஐப்பசியில் மண்டபத்து மேடையில் வந்து நிற்கப் போகிறவள் பெட்டியில் இருப்பவள்தான். உங்கள் நண்பர் வருவார். வாசலில் பிளெக்ஸைப் பார்ப்பார். உள்ளே வந்து என்னைப் பார்த்துவிட்டு, இது பெண்ணோட தங்கச்சியா என்று கேட்பார். அப்போது என்ன சொல்வீர்கள்?

நேற்று உலகம்மை என்று ஒரு பிள்ளை, வேலைக்கு எழுதிப் போட வேண்டும் என்று போட்டோ எடுக்க வந்தாள். வழக்கம்போல வெளுப்பாக்கிக் கொடுத்தேன். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "யக்கா, இது நானா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் வாங்கிப் போனாள். எனக்குத்தான் அதன்பிறகு வேலை ஓடவில்லை.

கோபத்தில் எழுதவில்லை. இல்லை, கோபத்தில்தான் எழுதுகிறேன். நீங்கள் என் நிறம் பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தால்கூட அழுது தீர்த்திருப்பேன். பிடித்திருக்கிறது, ஆனால் யாருக்கும் தெரிய வேண்டாம் என்கிறீர்களே, இதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? ஆயுசுக்கும் உங்கள் பக்கத்தில் திருத்திய முகத்தோடு நிற்க என்னால் ஆகாது.

இரண்டு பேரையும் நீங்கள் கட்டிக்கொள்ள முடியாது. ஒருத்தியை எடுத்துவிடுங்கள். எவளை என்று எழுதுங்கள்.

அனுசியா

மேலகரம்
8 ஆகஸ்ட் 2025

திரு. குற்றாலீஸ்வரன் அவர்களுக்கு,

உங்கள் கவர் வந்தது. உள்ளே வரனுக்குக் கொடுத்த போட்டோ மட்டும் இருந்தது. கடிதம் இருக்கும் என்று கவரைக் கிழித்து உதறியும் பார்த்தேன். இல்லை.

பெண் போட்டோ திரும்பி வந்தால் என்ன அர்த்தம் என்று நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதற்கு மேல் எழுத என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டீர்கள் போலும். அம்மா அந்த போட்டோவை மடியில் வைத்துக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "உள்ளதச் சொல்லுதேன், உள்ளதச் சொல்லுதேன்னு எழுதுனியே, இப்ப என்னத்தட்டி கண்ட? வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கக் கூடாதா?" என்றாள். உங்கள் வீட்டுக்குப் போன் போடப் போனவளை நான்தான் தடுத்தேன். உங்கள் அம்மா என் முகத்தை நேருக்கு நேர் பார்த்துப் பூ வைத்தவர்கள். அவர்களிடம் நீங்கள் சொல்வதுதான் மரியாதை.

ஹுஸ்னா அக்கா மட்டும், "இன்னொரு படம் எங்கனட்டி போச்சு?" என்று கேட்டாள். கிழித்துப் போட்டிருப்பார் என்றேன். சொல்லும்போதே அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது?

கிழிக்கவில்லை என்றால் அதையும் திருப்பி அனுப்பிவிடுங்கள். வேறு பிரிண்ட் போட்டுக்கொள்ள எனக்குத் தெரியும். ஆனால் நான் உங்கள் பெட்டிக்குள் கிடக்க வேண்டாம். நான் செய்ததிலேயே நல்ல படம் அது. பெரிதாகப் போட்டு ஸ்டுடியோ வாசலில் கண்ணாடிக்குள் வைக்கப் போகிறேன். தென்காசிக்கு வருகிறவர் போகிறவர் எல்லோரும் பார்க்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மு. அனுசியா

21 ஆகஸ்ட் 2025

அனுசியா,

அந்தப் படத்தை அனுப்ப முடியாது. அது சுவரில் இருக்கிறது.

உன் ஜூலைக் கடிதத்தைப் படித்து முடித்தபோது ரேஷன் வண்டி கீழே இறங்க நின்றுகொண்டிருந்தது. ஒருத்தியை எடுத்துவிடு என்று எழுதியிருந்தாய். எடுத்தேன். எடுத்ததை உன் கையிலேயே சேர்த்துவிட்டால் நம்புவாய் என்று ஒரு வேகம். கவரில் போட்டு டிரைவர் கையில் திணித்தேன். ஒரு வரி எழுத நேரமில்லை. அடுத்த வண்டிக்குக் கடிதம் கொடுக்கலாம் என்று இருந்தால், மழையில் பாதை சரிந்து வண்டியே வரவில்லை. இன்றுதான் வந்தது, உன் கடிதத்தோடு.

போட்டோவைத் திருப்பினால் பெண் வேண்டாம் என்று அர்த்தமாமே. சத்தியமாக எனக்குத் தெரியாது. வரன் பார்ப்பது, போட்டோ வாங்குவது, கொடுப்பது எல்லாம் அம்மாவும் மதினியும். கௌரிசங்கரிடம் சொன்னேன், தலையில் அடித்துக்கொண்டான். "கூறுகெட்ட பயலே, ஒரு பொம்பளப் பிள்ள போட்டோவ வெறுங் கவர்ல வச்சா அனுப்புவாவ? அந்தப் பிள்ள என்ன பாடு பட்டுச்சோ, ஒக்காந்து எழுதுலே மொதல்ல" என்று பேனாவை அவன்தான் கையில் கொடுத்தான். உன் அம்மாவிடம் இதை உடனே படித்துக் காட்டு. உன்னையும் அவர்களையும் அழவைத்ததற்கு நான் ஐப்பசியில் வந்து நேரில் திட்டு வாங்கிக்கொள்கிறேன். பிளெக்ஸுக்கு எந்தப் படம் என்று இனி என்னைக் கேட்காதே, நீயே கொடு.

உன் படத்தைச் சுவரில் ஒட்டிய அன்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கௌரிசங்கர் டியூட்டி முடிந்து வந்தான். பார்த்தான். "இது யாருலே?" என்றான். அத்தை மகள் என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்தக் கொஞ்ச நேரத்துக்காக நீ என்னை எவ்வளவு வேண்டுமானாலும் வெறுத்துக்கொள். அப்புறம் சொன்னேன், "அனுசியா."

"அப்ப முன்னால இருந்தது?"

"அது ஸ்டுடியோவுல வெளுப்பாக்குனது. இவதான்."

கிட்டப் போய் நின்று பார்த்தான். அவன் ஓட்டப் போகிறான் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். "அருவி நல்லா விழுதுலே" என்று சொல்லிவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்துவிட்டான். அவ்வளவுதான். இதற்குப் பயந்துதான் நான் உன்னைத் துணிக்கு அடியில் வைத்திருந்தேன்.

குற்றாலீஸ்வரன்