சட்டப்படி என்மேல் குற்றம் இல்லை, அக்கா

என் அன்பு லில்லி அக்கா,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. உனக்கு எழுதுவதை இவன் ஏன் பத்திரிகையில் எழுதுகிறான் என்று கேட்பாய். சபையிலிருந்து விலக்கப்பட்டவள் என்று உன் பெயரைப் பிரசங்க பீடத்திலிருந்து எல்லோர் காதிலும் விழும்படி வாசித்தார்கள். அந்தக் காகிதத்தை எழுதிக் கொடுத்தவன் நான். அதனால் இதையும் எல்லோரும் வாசிக்கட்டும்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். முப்பது வருடத்துக்கு மேல் செய்தி எழுதியவன் நான். யார், எங்கே, எப்போது என்று சொல்லி முடித்தால்தான் எனக்கு மூச்சு சீராகும். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் படிக்கிறவர்களுக்குத் தெரியாதே.

நீ திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து டெல்லிக்கு நர்ஸ் வேலைக்கு வந்தவள். மூன்று வருடம் கழித்து நான் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் டெல்லி நிருபராக வந்து சேர்ந்தேன். இரண்டு பேரும் ஒரே தமிழ்ச் சபைக்குப் போனோம். நாற்பத்தொரு வயதில் நீ பிரகாஷ்ஜியைக் கல்யாணம் செய்துகொண்டாய். உன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர், மீரட்காரர், இந்து. ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டீர்கள்.

நம் சபைச் சட்டப் புத்தகத்தில் அதற்கு ஒரு பிரிவு இருந்தது. சபைக்கு வெளியே மணம் முடித்தவருக்குத் திருவிருந்தில், அந்த அப்பத்திலும் திராட்சை ரசத்திலும், பங்கு இல்லை. ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று மன்னிப்பு அறிக்கை வாசித்தால், கமிட்டி தீர்மானம் போட்டு அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும். அந்த வருடம்தான் நான் கமிட்டிச் செயலாளர் ஆகியிருந்தேன். உனக்காக அறிக்கையை நானே எழுதிக் கொண்டுவந்தேன். நாலே வரி, யார் மனமும் புண்படாத நாலு வரி.

நீ படித்துவிட்டு என்ன சொன்னாய் என்பது ஞாபகம் இருக்கிறதா?

"நல்லாத்தான்ல எழுதியிருக்க. ஆனா பொய்யால்லா இருக்கு. இந்த மனுசனைக் கட்டினதுக்கு நான் எதுக்கு வருத்தப்படணும்? வேற பாவம் நூறு பண்ணியிருக்கேன். அதை எழுதிக் கொண்டா, எந்திரிச்சு நின்னு வாசிக்கேன்."

அப்புறம் பத்தொன்பது வருடம். ஒரு ஞாயிறுகூட நீ வராமல் இருந்ததில்லை, டியூட்டி இருந்த நாட்கள் தவிர. மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து நேரத்தில் பெஞ்சு பெஞ்சாக எல்லோரும் எழுந்து முன்னால் போவார்கள். நீ முழங்காலை ஒரு பக்கமாக ஒதுக்கி அவர்களுக்கு வழி விடுவாய். போகிறவர்களின் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வாய். உன் மடியில் குழந்தையைக் கொடுத்துவிட்டுப் போய் முழங்காலிட்டவர்களில் ஒருவராவது உன்னைத் திரும்பிப் பார்த்திருப்பாரா? நான் பார்க்கவில்லை, அக்கா. அதையும் சொல்லிவிடுகிறேன்.

கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தபோது நீ ரிடையராகி நாலு மாதம் ஆகியிருந்தது. கடைசி இரண்டு வாரம் நீ வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே உன்னைப் படுக்க வைத்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாய். "ஏல தம்பி, ஐயா வந்து எனக்குத் திருவிருந்து தருவாரா? ஒரு தடவை போதும்."

கேட்கிறேன் என்றேன். சாயங்காலமே போதகருக்குப் போன் செய்தேன். அவர் வயதில் இளையவர், சபைக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. நான் சொல்லி முடிக்கக்கூட விடவில்லை.

"அண்ணே, திருவிருந்துப் பெட்டியை எடுத்துக்கிட்டு இப்பவே கிளம்புறேன். மெட்ரோல முக்கால் மணி நேரம். நீங்க என்கிட்ட எதுவும் கேக்கல, நான் எதுவும் சொல்லலன்னு வச்சுக்குங்க."

"தீர்மானம் இல்லாம எப்படிப் போவீங்க ஐயா? ஞாயித்துக்கிழமை கமிட்டி இருக்கு. நாலாவது பொருளாப் போட்டுடறேன்."

"அதுவரைக்கும் அக்கா இருப்பாங்களா அண்ணே?"

"செக்ரட்டரியோட அக்காங்கறதால சட்டத்தை வளைச்சாங்கன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது ஐயா. எழுத்துல இருக்கணும்."

அவர் "சரிண்ணே" என்று வைத்துவிட்டார்.

இதை உன்னிடம் நான் சொல்லவில்லை. போதகர் புறப்படத் தயாராக இருந்தார் என்பதையும், தடுத்தது நான் என்பதையும் நீ தெரிந்துகொள்ளாமலே போனாய். அல்லது தெரிந்துதான் இருந்ததா?

வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு விதவையின் பென்ஷனைப் பற்றி எழுதினேன். ஒரே ஒரு கையெழுத்துக்காக அந்த அம்மாள் டெல்லியில் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். அங்கே இருந்த குமாஸ்தா, "அடுத்த கூட்டத்தில் வைக்கிறோம்" என்றார். அந்த ஆள் வெட்கப்பட வேண்டும் என்றே அவர் சொன்னதை அப்படியே மேற்கோளாகப் போட்டேன். அன்று போனில் நான் சொன்னதும் அதே பதில்தான். எனக்கு வெட்கம் வரவில்லை. நேர்மையாக நடந்துகொண்டோம் என்று நன்றாகத் தூங்கினேன்.

வியாழக்கிழமை வந்து, ஞாயிறு கமிட்டியில் உன் விஷயம் நாலாவது பொருள் என்று மட்டும் சொன்னேன்.

"நாலாவதா?" என்றாய். "முதல் மூணு என்னல?"

"அறுப்பின் பண்டிகை ஏலம், மைக் ரிப்பேர், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் டூர்."

நீ சிரித்த சிரிப்பில் பிரகாஷ்ஜி எழுந்து வந்து உன் முதுகைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. "கேட்டீங்களா ஜி, மைக்குக்கு அப்புறம்தான் நான்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. உன்னிடம் கற்ற தமிழில் சொன்னார்: "கீழே பேக்கரி இருக்கு, லில்லி. நான் ரொட்டி கொண்டு வரேன், அங்கூர் ஜூஸ், திராட்சை ஜூஸ், அதுவும். நீயே ப்ரேயர் சொல்லு. யாருக்குத் தெரியும்?"

"வேண்டாம் ஜி. அது பெரிய காரியம், திருட்டுத்தனமா வேண்டாம். கெடைச்சா சந்தோசம். கெடைக்கலன்னா கர்த்தர் என்னை விட்டுருவாரா? நான் அப்பம் வாங்கித் தின்னேன்னா என்னைச் சேத்துக்கிட்டாரு?" மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாய். "முப்பத்தஞ்சு வருசம் கேஷுவாலிட்டில நின்னவல நான். ரத்தம் ஒழுக வாரவன்ட்ட நீ யாரு, குடிச்சிருக்கியா, யார் மேல தப்புன்னா கேப்போம்? மொதல்ல ரத்தத்தை நிப்பாட்டுவோம். பொறவுதான் பேரு எழுதுவோம். எங்களுக்கே அவ்வளவு தெரியும்னா அவருக்குத் தெரியாதா?"

சட்டம் தெரியாதவர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று நினைத்தேன்.

நான் எழுந்தபோது நீ சொன்னாய்: "உன் மேல எனக்கு ஒண்ணும் இல்லல, தம்பி. எல்லாம் மன்னிச்சாச்சு. சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். லிஃப்டில் இறங்கும்போது யோசித்தேன், எதற்காக என்னை மன்னிக்கிறாள்? நான் என்ன செய்தேன்? கொஞ்சம் கோபம்கூட வந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் நீ போய்விட்டாய்.

அடக்கமும் சட்டப்படிதான் நடந்தது. விலக்கப்பட்டவர் உடல் ஆலயத்துக்குள் போகாது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கல்லறைத் தோட்டம். போதகர் அங்கி இல்லாமல், வெறும் சட்டையோடு நின்று ஜெபித்தார். பிரகாஷ்ஜி உன்னோடு வேறு அடக்கங்களுக்கு வந்திருக்கிறார் இல்லையா? என் காதருகே குனிந்து, "அந்த வெள்ளை டிரெஸ் எங்கே? மறந்துட்டாரா?" என்று கேட்டார். ஆமாம், மறந்துவிட்டார் என்று சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடியது. நாலாவது பொருள் வந்தபோது தலைவர் என்னைப் பார்த்தார். நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதினேன்: "தேவை எழவில்லை." இதோடு விட்டிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். பொருளாளர் எழுந்து நின்றார். சொந்தச் சகோதரியின் விஷயத்திலும் செயலாளர் பாரபட்சம் இல்லாமல் நடந்துகொண்டார், அதற்கு இந்தக் கமிட்டி பாராட்டுத் தெரிவிக்கிறது என்றார். எல்லோரும் ஆமோதித்தார்கள். புத்தகம் என் கையில் இருந்தது. பாராட்டையும் நானே எழுதினேன், ஒரு பிழையில்லாமல்.

திரும்பி வரும்போது மயூர் விஹார் மெட்ரோவில் இறங்கி, படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். போகிறவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருவர், "அங்கிள், தபியத் டீக் ஹை?" என்று கேட்டு, உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று குனிந்து பார்த்தார். எது டீக்? உனக்கு ஒரு துண்டு அப்பம் வரவிருந்தது. அதை வழியில் நிறுத்தியவன் நான். உனக்கு விரோதிகூட அதைச் செய்திருக்க மாட்டான். உன் தம்பி செய்தான், தன் பெயர் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக.

அடுத்த மாதக் கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். போதகர் புறப்பட இருந்ததை, நான் தடுத்ததை. என்னையும் திருவிருந்திலிருந்து விலக்குங்கள், சபை முன்னால் நின்று அறிக்கை வாசிக்கிறேன் என்றேன். தலைவர் வயதான வக்கீல், உனக்குத் தெரியும். சட்டப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார்.

"எந்தப் பிரிவுல போடறது செல்வின்? நீங்க செஞ்சதுல சட்டத்துக்கு விரோதமா ஒண்ணுமே இல்லையே."

"துக்கத்துல பேசறீங்க," என்றார் பொருளாளர். "டீ ஆறுது, குடிங்க."

உன்னைப் பத்தொன்பது வருடம் பிடித்து வைத்த புத்தகத்தில் என்னைப் பிடிக்க ஒரு வரி இல்லை, அக்கா. அதன்படி நீ குற்றவாளி, நான் நல்லவன். குற்றமே இல்லை என்று விடுவிக்கப்பட்டவனுக்கு மன்னிப்பை யார் கொடுப்பார்கள்? அவன் எங்கே போய் நிற்பான்?

அதனால் எனக்கு நானே தண்டனை கொடுத்துக்கொண்டேன். செயலாளர் பதவியை விட்டேன். முதல் ஞாயிறுகளில் பின் வரிசையில் உட்கார்ந்துவிட்டு, திருவிருந்துக்கு முன்னால் போகாமல் இருந்தேன். நீ இருந்த பத்தொன்பது வருடம் நானும் இப்படி இருந்துவிடுவது என்று தீர்மானம். உயிரோடு இருந்தால்.

போன வாரம் லட்சுமி நகரில் உங்கள் வீட்டுக்குப் போய் பிரகாஷ்ஜியிடம் சொன்னேன். அங்கியைப் பற்றிச் சொன்ன பொய்யில் தொடங்கி, அந்த டெலிபோன் வரைக்கும். டீ போட்டுக்கொண்டிருந்தவர் அடுப்பை அணைத்தார்.

"ஃபாதர் வரேன்னு சொன்னாரா?"

"ஆமாம்."

"நீ வேண்டாம்னு சொன்னே."

"ஆமாம்."

அடுப்பு மேடையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார். நான் என் தண்டனையைப் பற்றிச் சொன்னேன், பத்தொன்பது வருடத்தைப் பற்றி. ஏதோ நல்ல செய்தி கொண்டு வந்தவன் மாதிரி சொல்லியிருக்கிறேன் போல. அவர் திரும்பினார்.

"நீ பத்தொன்பது சால் அங்கே உக்காந்தா லில்லிக்கு என்ன வரும்? அது உனக்காகப் பண்றே. அப்பவும் உனக்காக, இப்பவும் உனக்காக." கதவைத் திறந்தார். "லில்லி மன்னிப்பா. நான் லில்லி இல்லை, செல்வின். ஜாவோ."

அதற்குப் பிறகு என் போனை அவர் எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லிக் கேட்க எனக்கு என்ன உரிமை?

ஆனால் அவர் சொன்னது சரி. நான் செய்துகொண்டிருந்ததும் சட்டம்தான். பழைய புத்தகத்தில் பிரிவு இல்லை என்றதும் நானே ஒரு பிரிவு எழுதிக்கொண்டேன். தீர்ப்பும் நானே, தண்டனையும் நானே, கடைசியில் ஒரு நாள் விடுதலையும் நானே கொடுத்துக்கொள்வதாக இருந்தேன். அதில் கர்த்தருக்கு ஒரு வேலையும் வைக்கவில்லை.

நீயோ நான் கேட்பதற்கு முன்னால் கொடுத்துவிட்டாய். எனக்குக் குற்றம் என்று தோன்றுவதற்கே முன்னால். அப்போது நான் அதை வாங்கிக்கொள்ளவில்லை, தேவை எழவில்லை. இப்போது தேவை எழுந்திருக்கிறது, கொடுத்தவள் இல்லை. சும்மா கிடைப்பது லேசாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், அக்கா. அப்படி இல்லை. சம்பாதித்ததைத் தலை நிமிர்ந்து வாங்கலாம். இதை எப்படி வாங்குவது?

எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனாலும் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். வருகிற முதல் ஞாயிறு எழுந்து முன்னால் போவேன். பிரகாஷ்ஜி மன்னித்திருக்க மாட்டார். என் மனமும் ஆறியிருக்காது. இதற்கு ஈடாகக் காட்ட என்னிடம் ஒன்றும் இருக்காது. அந்த இளைய போதகர் என் முன்னால் வந்து நிற்கும்போது அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வருமா என்பதும் தெரியாது. இருந்தாலும் கையை நீட்டுவேன். வாங்கத் தகுதி இருக்கிறதா என்று எந்தப் புத்தகத்தையும் புரட்டிப் பார்க்க மாட்டேன்.

யாருடைய தீர்மானமும் இல்லாமல் உனக்குத் தம்பியாய்ப் பிறந்த,
செல்வின்