சும்மா நிக்கினம், மிஸ்

மிஸ்,

இன்று காலை ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையைக் கடையில் வேலைக்கு எடுத்தேன். சின்ன வெங்காயச் சாக்கொன்றை அப்போதுதான் அவிழ்த்திருந்தேன். அந்த மணத்தோடு நீங்களும் உள்ளே வந்துவிட்டீர்கள்.

தொழில் அலுவலகத்திலிருந்து நீங்கள் முதன்முதல் என் கடைக்கு வந்ததும் வெங்காயம் வந்து இறங்கிய நாளில்தானே. முல்லைத்தீவு வெயிலில் நடந்து வந்து, குடையை மடக்கிக்கொண்டு வாசலில் நின்றீர்கள். உள்ளே என் தங்கையின் பிள்ளைகள் இரண்டு பேர், இன்னும் பால்பல் விழுந்து முடியாததுகள், அழுகல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

“இவை இங்க வேலை செய்யினமோ?”

“சேச்சே. சும்மா நிக்கினம், மிஸ்.”

எங்கள் பக்கத்தில் கடை வேலையை யார் வேலை என்று சொல்கிறோம்? மகன் எங்கே என்று கேட்டால், ‘கடையில நிக்கிறான்’ என்போம். மாதச் சம்பளம் வாங்கினாலும் நிக்கிறான்தான். நான் சொன்ன பொய்க்குள்ளேயே உண்மையும் இருந்தது. நீங்கள் சின்னவளின் தலையைப் பார்த்தீர்கள்.

“சும்மா நிக்கிற பிள்ளையின்ர தலையில வெங்காயச் சருகு எப்பிடி ஏறினது?”

“காத்துக்கு, மிஸ்.”

“நல்ல காத்து. ரெண்டு பேரையும் தேடிப் பிடிச்சிருக்கு.”

முதலில் சிரித்தது பிள்ளைகள்தான். நீங்கள் சிரிக்கவில்லை. கதிரையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சொன்னீர்கள். பதினாறு முடியாத பிள்ளைக்கு வேலை கொடுக்கக் கூடாது. பதினெட்டுக்குக் கீழென்றால் பாரம் தூக்க விடக்கூடாது, இரவில் மறித்து வைக்கக் கூடாது. “மாமன்ர கடை எண்டு சட்டத்துக்குத் தெரியாது” என்றீர்கள்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனையிறவு உப்பைச் சைக்கிளில் கட்டி நெடுங்கேணி வரை மிதித்து விற்று எழும்பியவன் நான். “நானும் சின்னனில கடையில நிண்டுதான் வந்தனான், மிஸ்.”

“ஓம். இருந்து படிச்சிருந்தால்?”

“படிச்சிருந்தால் உத்தியோகம் எடுத்து, என்னைப்போல ஆக்களைத் தேடி வெயிலில அலைஞ்சிருப்பன்.”

அப்போதுதான் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு நான் உங்களுக்குப் பயப்படவில்லை. பயப்படாதபடியால்தான் சொல்வழி கேட்டேன்.

எங்கள் தெருவில் உங்களுக்குப் பெயர் ‘குடை’. நீங்கள் பஸ்ஸால் இறங்கினால் முதற்கடைக்காரர் அடுத்தவருக்குப் போன் எடுத்து, “குடை வருது” என்பார். அது உங்களுக்குத் தெரிந்தும் குடையை மாற்றவில்லையே! உங்கள் செத்தவீட்டில் நாங்கள் கடைக்காரர் ஒரே வரிசையில் இருந்து இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தோம். உங்கள் மகளும் எங்களோடு சிரித்தா.

இன்றைக்கு வந்தவள் கரைப்பக்கப் பிள்ளை. தகப்பன் கடலுக்குப் போகிறவர். பதினாறு முடிந்து, உயர்தர வகுப்பில் வர்த்தகம் படிக்கிறாள். தாய்தான் கதையைத் தொடங்கினா.

“முதலாளி, சனி ஞாயிறு முழுக்க பிள்ளை உங்கட கடையில நிக்கட்டும்.”

“அம்மா, சனி காலமை எனக்குக் கணக்கீட்டு வகுப்பு.”

“அந்த வகுப்புக் காசுக்குத்தானேடி நிக்கப்போறாய்!”

“வகுப்புக்குப் போகாமல் வகுப்புக் காசு உழைச்சு என்னத்துக்கு?”

மிஸ், உள்ளதைச் சொல்கிறேன். இப்படிக் கதைக்கிற வாய் கல்லாவுக்கு முன்னால் இருந்தால் வியாபாரம் பறக்கும். சனி காலைதான் எனக்குச் சனம் நெரிகிற நேரம். தாய் ஓமென்று சொல்லி முடித்துவிட்டா. நானும் ஒரு ஓம் சொன்னால் போதும், பிள்ளையின் வகுப்பு போய்விடும். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“கடைக்கு எப்ப ஆள் வேணும் எண்டு பாக்காதேங்கோ. பிள்ளைக்கு எப்ப நேரம் இருக்கெண்டு பாருங்கோ” என்று ஒருமுறை சொன்னீர்களே. உங்களிடமிருந்து நான் வைத்திருப்பது அது ஒன்றுதான். இன்றைக்கு அதுவே போதுமாக இருந்தது.

“தங்கச்சி,” என்றேன் தாயிடம், “நிக்கட்டும் எண்டு சொல்லாதேங்கோ. வேலை செய்யட்டும் எண்டு சொல்லுங்கோ. வேலை எண்டால் அதுக்கு நேரமும் இருக்கு, சம்பளமும் இருக்கு. நிக்கிறதுக்கு ரெண்டும் இல்லை. சனி காலமை இவ வகுப்பில இருக்கட்டும்.”

தாய் கொஞ்சம் முறைத்தா. மகள் அதற்குள் பேரத்தைத் தொடங்கிவிட்டாள்.

“அரிசி மூட்டை தூக்க வேணுமோ, அங்கிள்?”

“தொட்டாலே வீட்டுக்கு அனுப்பிப்போடுவன்.”

“அப்ப சரி. மற்றதுகளையும் கதைப்பம்.”

கதைத்து முடித்தது இதுதான், மிஸ். சனிக்கிழமை வகுப்பு முடிந்து, வீட்டில் சாப்பிட்டுவிட்டு வரவேண்டும். பொழுதுபட முன் போய்விட வேண்டும். ஞாயிறு மாதா கோயில் பூசைக்குப் பிறகு மத்தியானம் வரை. பள்ளிக்கூடச் சோதனை வந்தால் லீவு. இடம் அவளுக்கே இருக்கும். மணித்தியாலக் கணக்கில் பெரிய ஆட்களுக்குக் கொடுக்கிற அதே சம்பளம், அவளுடைய கையிலேயே. பின்னேரத் தேத்தண்ணியோடு கடிக்க ஒரு பணிஸ் என்று நான் சொன்னேன், இரண்டில் முடிந்தது.