மூல வைத்தியர் போர்டு இறங்கியது

வியாழன், இரவு

இன்று அந்தப் போர்டு இறங்கிவிட்டது. என் தையல் கடைக்கு ஏறும் மாடிப்படிக்கு மேலே, 'மூலம், பவுத்திரம் சிகிச்சை' என்று கொட்டை எழுத்தில் தொங்கியது. வைத்தியர் காலி செய்து போய் வருஷங்களாயிற்று. கட்டடக்காரர், "அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது, ஒங்கள என்ன பண்ணுது?" என்பார். படியேறுகிறவளுக்கு மூலம் என்று ஊர் நினைக்குமே என்று பெண்கள் வரவே கூசினார்கள்.

பேரூராட்சியில் மனு கொடுத்தேன். மூடிய கடைகளின் போர்டை எடுக்கச் சொல்லிக் கட்டடக்காரருக்கு நோட்டீஸ் வந்தது. அவர் அசையவில்லை. இன்று பேரூராட்சி ஆட்களே ஏணியோடு வந்து கழற்றினார்கள். அவர் முகம்தான் சரியில்லை. போகட்டும்.

இதுவரை ரவிக்கைத் துணியைப் புருஷனிடம் கொடுத்தனுப்பிய டீச்சர், சாயங்காலம் படிக்கட்டில் நின்று கத்தினார்: "நானே மேல வாரேன், அளவு எடுத்துக்கங்க!"

இலுப்பூர் கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. நன்றாகப் பார்க்கட்டும்.