லிண்டன் தெரு, எண் பதினான்கு

லிண்டன் தெரு 14,
நியூ ஜெர்சி.
ஜனவரி 16, 2024

அன்புள்ள தம்பி ட்ரெவருக்கு,

உன் போன் எண் மறுபடியும் மாறிவிட்டது. உன் மேனேஜர் பெண்ணைப் பிடித்துக் கேட்டால், "எழுதி அனுப்புங்க மேடம், குடுத்துடுறேன்" என்கிறாள். கூடப் பிறந்தவனுக்கு மனுப் போட வேண்டியிருக்கிறது. போகட்டும், போடுகிறேன்.

அப்பா விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, இப்போது நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது. எழுபத்தெட்டு வயது. "வசந்தம் வரைக்கும் பார்க்கலாம்" என்றார் டாக்டர். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

எப்படி விழுந்தார் என்று கேட்பாயோ மாட்டாயோ, சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை மத்தியானம் உன் ரசிகர்கள் ஐந்து பேர் வந்தார்கள். உன் பாட்டு வந்து இருபது வருடம் ஆகிறதல்லவா, கிறிஸ்துமஸிலிருந்தே கூட்டம்தான். வழக்கம்போல வாசலில் நின்று ஒரே குரலில் பாட்டின் கடைசி அடி, "கதவைத் திற, அப்பா!" பாட்டின் பெயரே நம் வீட்டு முகவரி என்றால் வேறெங்கே போவார்கள்?

ஆரம்பத்தில் அப்பா பனி வாரும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு விரட்டுவார், ஞாபகம் இருக்கும். பிறகு அவருக்கே அலுத்துவிட்டது. அழுதுகொண்டு வரும் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுக்க ஆரம்பித்தார். இப்போது இரண்டு வருடமாக அவருக்கு நினைவு வந்து வந்து போகிறது. யார் தட்டினாலும் நீதான். "டென்னி, ட்ரெவர் வந்துட்டான், காபி போடு" என்று சொல்லிக்கொண்டே ஓடுவார். அன்றும் ஓடினார், வெறும் காலுறையோடு, உறைந்த படியில். அந்த ஐந்து பேரில் நான்கு பேர் அதைப் படம் பிடித்தார்கள். ஐந்தாவது பெண் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள், அவள் நன்றாக இருக்கட்டும்.

நான் வேலை பார்க்கும் பல் டாக்டரின் மகன் முழங்கையில் நம் முகவரியைப் பச்சை குத்தியிருக்கிறான். நம் வாசல் கதவு அச்சடித்த பனியனைக் கடைத்தெருவில் பார்க்கிறேன். இதையெல்லாம் நான் பொறுத்துக்கொள்வேன். அப்பாவால் முடியாது.

இரண்டே விஷயம் கேட்கிறேன். மேடையில் அந்தப் பாட்டுக்கு முன்னால், யாரும் அங்கே போகாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல். அப்புறம் ஒரு தடவை வந்துவிட்டுப் போ. வாசலில் உண்மையிலேயே நீ நிற்பதை அவர் ஒரு முறை பார்க்கட்டும், ட்ரெவர். அவ்வளவுதான்.

உன் அக்கா,
டெனீஸ்


பிட்ஸ்பர்க்,
ஜனவரி 29

என் செல்ல டென்னி,

ஹோட்டல் காகிதத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். உன் கையெழுத்து இன்னும் பள்ளிக்கூட வாத்தியாரம்மா கையெழுத்தாகவே இருக்கிறது, பார்த்ததும் சிரித்துவிட்டேன்.

அப்பா விஷயம் வருத்தம்தான். நிஜமாகவே. பூ அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் நீ கேட்பது நடக்காது. அந்தப் பாட்டு இப்போது என்னுடையது இல்லை. நேற்றுகூட ஓர் ஆள், என் வயசுதான், வழுக்கை, கூடவே இரண்டு பிள்ளைகள், என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பாட்டு இல்லன்னா நான் இன்னைக்கு உயிரோட இல்ல அண்ணே" என்று குலுங்கிக் குலுங்கி அழுதான். எமோ பாட்டு, அழுமூஞ்சிப் பாட்டு என்று எங்களைக் கேலி செய்த பத்திரிகைக்காரர்கள் எல்லாம் இன்று அதைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறார்கள். கடைசி அடியில் நான் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிவிடுவேன், நான்காயிரம் பேர் கத்துவார்கள். அவர்களிடம் போய், கிழவருக்கு உடம்பு சரியில்லை, மெதுவாகக் கத்துங்கள் என்றா சொல்லச் சொல்கிறாய்?

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அன்று பனிப்புயலில் என்னை வெளியே விட்டுத் தாழ்ப்பாளைப் போட்டது அவர்தானே? ஆஸ்பத்திரிக் கட்டிலில் நான் கண் விழித்ததும் அவரே சொன்னாரே, "நான்தான் பூட்டினேன்" என்று. அந்தக் குளிரில் விறைத்துப் போய் என் இடது காலில் இரண்டு விரல் இல்லை, டென்னி. அவர் ஒரு நாளும் மன்னிப்புக் கேட்டதில்லை. முதலில் அவர் கேட்கட்டும், அப்புறம் பார்க்கலாம்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். பாவம், நீ ஒருத்தி தனியாக எவ்வளவுதான் செய்வாய்!

முத்தங்களுடன்,
ட்ரெவர்


லிண்டன் தெரு 14,
பிப்ரவரி 6

ட்ரெவர்,

பூ வந்தது. லில்லி. சாவு வீட்டுக்கு அனுப்பும் பூ. நாங்கள் இன்னும் அந்தக் கட்டத்துக்கு வரவில்லை.

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், அதாவது நானாக வேறு ஒன்றைப் படித்தேன். சீக்கிரம் வருகிறேன் என்று எழுதியிருப்பதாகச் சொன்னேன். சவரம் செய்துவிடச் சொன்னார்.

இப்போது நான் சொல்லப்போவதை இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும். தாழ்ப்பாள் போட்டது அப்பா இல்லை. நான்.

தொண்ணூற்றாறு ஜனவரி. அப்பா அன்று வீட்டிலேயே இல்லை. நகராட்சியின் பனி வாரும் வண்டியில் முப்பது மணி நேரமாக ஓட்டிக்கொண்டிருந்தார். அம்மா மாடியில், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றி, வாந்தி எடுத்து எடுத்து ஓய்ந்து, அப்போதுதான் கண் அசந்திருந்தாள். அந்த வாரத்திலேயே நீ மூன்று முறை குடித்துவிட்டு வந்து மாடிப்படியில் விழுந்து அவளை எழுப்பினாய். நாலாவது முறை உன்னை உள்ளே விடக்கூடாது என்று முடிவு செய்தேன். நீ தட்டினாய். அப்பாவின் கட்டம் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அந்தச் சட்டையைப் பார்த்துத்தான் அப்பா என்று நினைத்தாயோ என்னவோ! நண்பன் வீட்டுக்குப் போய்விடுவான் என்று நினைத்து டிவி முன்னால் உட்கார்ந்தேன். கான்வாஸ் ஷூவோடு படியிலேயே கிடப்பாய் என்று சத்தியமாக நினைக்கவில்லை.

சாயங்காலம் அப்பா வண்டியைக் கொண்டுவந்து தெருவில் நிறுத்தியபோதுதான் உன்னைப் பார்த்தார். அந்த வண்டியிலேயே தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. "இனி அவன் ஒருத்தரை மன்னிக்கவே மாட்டான். அது நானா இருந்துட்டுப் போறேன். உங்கம்மா போனப்புறம் நீங்க ரெண்டு பேரும்தான் ஒருத்தருக்கொருத்தர். நீ வாயத் தொறக்காத" என்றார். நான் திறக்கவில்லை. பாட்டு வந்தபோதும் திறக்கவில்லை. ஊர் முழுக்க அவரை ராட்சசன் என்றபோதும் காபி போட்டுக்கொண்டிருந்தேன். என் மீது காறித் துப்பு, வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது. மேடையில் ஒரே ஒரு வாக்கியம் சொல்: "எங்கப்பா அதைச் செய்யல." என் பெயரைச் சொல்லியே சொல். அவர் உயிரோடு இருக்கும்போதே சொல்.

டெனீஸ்


கிளீவ்லாண்ட்,
பிப்ரவரி 17

என் அசட்டு அக்காவுக்கு,

எத்தனை அழகான கடிதம்! இரண்டு தரம் படித்தேன். உனக்குள் ஒரு எழுத்தாளி இருந்திருக்கிறாள், பல் டாக்டர் வாசலில் வீணாகிவிட்டாள்.

டென்னி, எனக்குத் தெரியும். எப்போதும் தெரியும். நான் குடித்திருந்தேன், குருடாகவில்லை. அப்பா சட்டைதான், ஆனால் அதற்கு மேலே தலை முழுக்க முடி சுருட்டும் சுருள் போட்டிருந்தாயே, அம்மாவின் பச்சைச் சுருள்கள். என் கண்ணைப் பார்த்தாய், போய் டிவி சத்தத்தைக் கூட்டினாய். ஆஸ்பத்திரியில் கிழவர் "நான்தான்" என்றபோது எனக்குச் சிரிப்பே வந்தது.

பாட்டில் முதலில் அக்கா என்றுதான் எழுதினேன். காரேஜில் எங்கள் குழுவுக்கு வாசித்துக் காட்டினேன். டிரம்ஸ் அடிக்கிற லூ என்ன சொன்னான் தெரியுமா? "மச்சி, அக்காகிட்ட கதவத் தொறன்னு எவன்டா அழுவான்? அப்பான்னு போடு. இந்த ஊர்ல அப்பன் மேல கோவம் இல்லாத ஒருத்தனக் காட்டு பாப்போம்." போட்டேன். அடுத்த சனிக்கிழமை இருநூறு பேர் அழுதார்கள். எங்கள் எமோ கூட்டத்தில் ஒரு சட்டம் உண்டு: பாட்டில் வருவதெல்லாம் நிஜமாக நடந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மேடையிலிருந்து இறக்கிவிடுவார்கள். அதனால்தான் தெருப் பெயரையும் எண்ணையும் போட்டேன். முகவரி நிஜம் என்றால் மீதியையும் நம்புவார்கள். நம்பினார்கள்.

உன்னைத் தண்டிக்கவில்லை என்று நினைக்காதே. நான் வாயைத் திறக்காததால்தானே நீ குற்ற உணர்ச்சியில் அந்த வீட்டிலேயே கிடந்தாய்? கல்யாணம் இல்லை, காட்சி இல்லை, அவரைக் கழுவித் துடைத்து இருபத்தெட்டு வருடம். வேறு யார் செய்திருப்பார்கள்? கூலிக்கு ஆள் வைத்தாலும் இப்படி அமையாது. அவருக்குத் தியாகி வேஷம், உனக்கு வேலை, எனக்குப் பாட்டு. எல்லோருக்கும் வேண்டியது கிடைத்துவிட்டது. இப்போது போய் ஏன் கலைக்க வேண்டும்?

ஒரு யோசனை. இருபதாம் ஆண்டு இசைத்தட்டின் உறையில் உன் கடிதத்தில் ஒரு பகுதியை அச்சிடலாம் என்கிறாள் என் மேனேஜர். அந்தச் சுருள்களோடு உன் பழைய போட்டோ இருந்தால் அனுப்பு. யார் பூட்டியது என்கிற வரியை மட்டும் எடுத்துவிடுவோம்.

அன்புத் தம்பி,
ட்ரெவர்


லிண்டன் தெரு 14,
மார்ச் 8

ட்ரெவர்,

அப்பா நேற்று முன்தினம் மதியம் இறந்துவிட்டார்.

உன் கடைசிக் கடிதம் பிப்ரவரி இருபத்திரண்டாம் தேதி வந்தது. நான் வேலைக்குப் போயிருந்தேன். வீட்டில் நர்ஸ் ஒடெட் மட்டும்தான், ஹெய்ட்டிக்காரி, சூதுவாது தெரியாதவள். கவரின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "என் பையன் எழுதியிருக்கான், படிம்மா" என்றிருக்கிறார் அப்பா. நான் எப்போதும் வேறு ஒன்றைப் படிப்பேன் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? ஒரு வரி விடாமல் படித்துவிட்டாள். அன்றைக்கென்று பார்த்து அவர் தலை தெளிவாக இருந்தது.

நான் வந்தபோது ஒடெட் சமையலறையில் அழுதுகொண்டிருந்தாள். அப்பா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அப்ப அவனுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார்.

"ஆமாப்பா."

"மொதல்லேர்ந்தே."

"ஆமா."

பிறகு என்னைக் கேட்டார்: "நீயும் அதுக்காகத்தான் இங்க இருந்தியா? அவன் சொல்ற மாதிரி?"

பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. "மொத மூணு வருஷம் அப்படித்தான். அப்புறம் பழகிடுச்சு. உங்களப் பிடிச்சும் போச்சு" என்றேன். அவர் என் கையை எடுத்து வைத்துக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அம்மா இறந்ததற்குப் பிறகு அன்றுதான். உன்னைப் பெற்றதற்காகவா என்னைப் பெற்றதற்காகவா தெரியவில்லை. நானும் அழுதேன்.

நான்கு மணிக்கு இரண்டு பெண்கள் வந்தார்கள். வாசலில் நின்று கத்தினார்கள். வழக்கமாக இந்தச் சத்தம் கேட்டால் போர்வையை உதறுவார், இடுப்பு முறிந்த பிறகும் உதறினார். அன்று அசையவில்லை.

"தொறக்காத" என்றார்.

"யாரோ பொண்ணுங்கப்பா. போகச் சொல்லிட்டு வரேன்."

"யாரா இருந்தா என்ன, தொறக்காத."

அறிவு கெட்டவள், நான் கேட்டேன். "ட்ரெவரா இருந்தா?"

பிடித்துக்கொண்டு நடக்கிற கம்பிச் சட்டத்தை எடுக்கச் சொன்னார். டாக்டர் எழுந்திருக்கவே கூடாது என்றிருந்தார். ஒரு பக்கம் ஒடெட், ஒரு பக்கம் நான். கட்டிலிலிருந்து வாசல் வரைக்கும் போகக் கால் மணி நேரம் ஆயிற்று. மேல் தாழ்ப்பாளைத் தன் கையாலேயே போட்டார். இரண்டு தடவை நழுவியது, விடவில்லை. கீழ்த் தாழ்ப்பாளுக்குக் குனிய முடியவில்லை. "அதையும் போடு" என்று என்னிடம் சொன்னார். போட்டேன். திரும்பி வந்து படுத்துக்கொண்டு டிவி போடச் சொன்னார்.

அதற்குப் பிறகு பதின்மூன்று நாள். நினைவு வந்தது, போனது. பழைய தெருக்களைச் சொன்னார், வண்டி ஓட்டிய கூட்டாளிகளைச் சொன்னார், அம்மாவைக் கூப்பிட்டார். எத்தனையோ பேர் வந்து தட்டினார்கள். நினைவே இல்லாத நாளில்கூட உன் பெயரைச் சொல்லவில்லை. நான் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தேன், அதனால் நிச்சயமாகச் சொல்ல முடியும்.

இருபது வருடமாக நீ பாடியது பொய். இப்போது அது நடந்துவிட்டது. இனி தைரியமாகப் பாடு, ஓர் எழுத்துகூட மாற்ற வேண்டாம். உங்கள் கூட்டத்துச் சட்டத்துக்கும் குறைவில்லை.

அடக்கம் நாளைக் காலை பத்து மணிக்கு. இந்தக் கடிதம் உன் மேனேஜர் கைக்குப் போய், அங்கிருந்து நீ இருக்கும் ஊருக்கு வந்து சேர ஒரு வாரம் ஆகும். அவளுக்குப் போன் செய்து ஒரு வார்த்தை சொன்னால் உனக்கு இன்றைக்கே தெரிந்துவிடும். ரிசீவரை எடுத்தேன், வைத்துவிட்டேன். தபாலில்தான் போடுகிறேன்.

இதைச் செய்தது நான். இதையும் அப்பா தலையில் போட்டுவிடாதே.

டெனீஸ்