பீங்கான் சூளையில் ஒரு தகனம்

3 பிப்ரவரி 1965, இரவு

சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: அக்காவின் இந்திக் கதைப்புத்தகம் இன்று மாலை காலமாகி, பீங்கான் சூளையில் தகனம் செய்யப்பட்டது. கொள்ளி வைத்த வீரன் அடியேன்.

இந்தி எதிர்ப்பு ஊர்வலம் முடிந்ததும் சேகர்தான் கிளப்பினான். "உங்க வூட்லயே இந்தி இருக்குது, நீயெல்லாம் கோஷம் போட வந்துட்டியா?" ஓடிப்போய், செய்தித்தாளில் சுற்றி எடுத்துவந்து எறிந்தேன். பையன்கள் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள்.

தூக்கம் வரவில்லை. நேற்று அக்கா அதிலிருந்து ஒரு கதையைத் தமிழில் சொன்னாள். "இதை எழுதினவருக்கு முன்னாடி இந்திக் கதைன்னா ராஜாவும் மந்திரவாதியுந்தான்டா. குடியானவனை உள்ள கூட்டியாந்தவரு இவரு. இப்ப எழுதுறவங்க எல்லாம் இவரு போட்ட தடத்துலதான் வராங்க." அந்தக் குடியானவன் கம்மாபுரத்து மாமா மாதிரியே அலுத்துக்கொண்டான். அவன் நிலம் என்னவாயிற்று என்று சொல்வதற்குள் அக்கா தூங்கிவிட்டாள்.

திணிக்கிறவர்களை எதிர்க்கிறோம், சரி. இந்த மனிதர் யாருக்கு எதைத் திணித்தார்?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சூளையில் வெந்தது என் கணக்குப் புத்தகம். அக்காவுடையது என் பாய்க்கடியில் இருக்கிறது. சேகருக்குத் தெரிந்தால் தொலைந்தேன். அக்காவை எழுப்பி, புத்தகத்தை நீட்டி மிச்சக் கதையைக் கேட்கலாம். புத்தகம் உன்னிடம் எப்படி வந்தது என்பாளே. எனக்கோ இந்தியில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது.