வால்பாறைத் தவளையும் எங்கள் மில் வௌவாலும்

சோரியாங்குப்பம்,
28.7.2025

அன்புள்ள செல்வகுமாரிக்கு,

சகாயராணி எழுதுவது. வால்பாறையில் மழை பிடித்துக்கொண்டது என்று பேப்பரில் பார்த்தேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

நீ அனுப்பிய புத்தகம் வந்தது. அட்டையில் உன் தவளை மஞ்சள் கண்ணோடு அழகாக உட்கார்ந்திருக்கிறது. அழிந்துவரும் இரண்டு உயிர்களை ஒப்பிட்டு எழுதுவோம், தவளை உனக்கு, வௌவால் எனக்கு என்று எம்.எஸ்சி. முடித்த கையோடு பேசிக்கொண்டோம். மூன்று வருஷம், பள்ளிக்கூடம் விட்டதும் பழைய ரைஸ் மில்லுக்குப் போய்ப் பார்த்துப் பார்த்து எழுதி அனுப்பினேன். புத்தகத்தில் தவளை மட்டும்தான் இருக்கிறது. வௌவால் படம் போட்டால் யாரும் கையில் எடுக்க மாட்டார்களாம், துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருக்கிறாய். சரிதான்.

இங்கே நடந்ததைக் கேள். போன மாதம் தங்கராசு அண்ணனின் எட்டு வயசு மகள் காய்ச்சலில் இறந்துபோனாள். டெங்கு என்று ரத்தப் பரிசோதனையிலேயே வந்தது. ஆனாலும் வௌவால் காய்ச்சல் என்று ஊர் முழுக்க செல்போனில் பரவிவிட்டது. வௌவால்களைக் கொல்ல மில்லுக்குள் புகைமூட்டம் போடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் உனக்கு ஆறு முறை போன் செய்தேன். நான் உள்ளூர் டீச்சர், என் பேச்சு எடுபடாது. டாக்டர் பட்டம் வாங்கிய நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்று கேட்டிருப்பார்கள். மீட்டிங்கில் இருப்பதாக மெசேஜ் அனுப்பினாய்.

மறுநாள் காலையில் மில் வாசலில் போய் நின்றேன். இது கொசுவால வர்ற காய்ச்சல் அண்ணே, வவ்வாலுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை என்றேன். தூக்கி வந்த வைக்கோலைக் கீழே வைக்காமலே தங்கராசு அண்ணன், "இன்னாடி, உனக்கு வவ்வாலு பெருசா, என் பொண்ணு பெருசா?" என்று கேட்டார். பிள்ளையைப் புதைத்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. நான் நகர்ந்துகொண்டேன், செல்வி. யாரும் என்னைப் பிடித்துத் தள்ளவில்லை.

கதவைச் சாத்தி மூட்டம் போட்டார்கள். மத்தியானம் உள்ளே போய்ப் பார்த்தேன். தாயின் மார்பை விடாமலே குட்டிகள் செத்துக் கிடந்தன. ஒன்றுகூட மிஞ்சவில்லை. உன் தவளை ஒரு மழைக்கு எத்தனையோ முட்டை இடும். இது வருஷத்துக்கு ஒரே குட்டிதான் போடும்.

இப்போது பள்ளியில் இன்னும் நான்கு பிள்ளைகளுக்கு அதே டெங்கு காய்ச்சல். தங்கராசு அண்ணன் என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்கிறார். நானும்தான்.

அடுத்த பதிப்பில் வௌவாலையும் சேர்க்கிறேன் என்கிறாய். வேண்டாம். இனி எதை எதோடு ஒப்பிடுவாய்?

உன் ஓடை வற்றாமல் இருக்கட்டும். உன் தவளையைப் பார்த்து எந்தத் தகப்பனும் பயப்படும்படி ஆகாமல் இருக்கட்டும். அப்படி ஒரு நாள் வந்துவிட்டால் தனியாகப் போய் நிற்காதே. எனக்குச் சொல், வருகிறேன்.

இப்படிக்கு,
சகாயராணி